ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு படம்

பதினான்கு வயதில் அப்பாவின் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா என் கைக்கு வந்தது. 120 என்ற வகை ஃபிலிம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். வெயிலா, மேகமா என்று பார்த்து லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் போதும். இப்போது எனக்கு 61. நடுவில் ஆறு வருடம் கேமராவைத் தொடவே இல்லை. படம் எடுக்கும் ஆசை எந்த ஓட்டை வழியாக ஒழுகிப் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு அந்த ஓட்டை, கல்யாண ஆர்டர். தொழிலாகச் செய்பவர்களுக்கு அது சோறு, நமக்கு வேண்டாம். தவணையில் டிஎஸ்எல்ஆர் டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டு, தவணை கட்டுவதற்காகவே கல்யாணங்களுக்குப் போனேன். ஒரே நாளில் 1,800 படம். ஆல்பத்துக்குப் பொறுக்க இரண்டு வாரம். மாப்பிள்ளையின் அத்தை ஒரு படத்திலும் இல்லை என்று சண்டை வேறு. அதோடு கேமரா பீரோவுக்குள் போய்விட்டது.

திரும்ப வெளியே எடுத்தது அப்பா காலத்துக் கணக்கால்தான். ஞாயிறு காலை பன்னிரண்டு படம், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. எடுத்ததைப் பார்ப்பது வீட்டுக்கு வந்த பிறகு. கேமராவின் பின்பக்கத் திரையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கை தானாகப் போகும். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் ஒரு படத்துக்காக இருபது நிமிடம் நிற்பது பழகிவிடும்.

எங்கே எடுப்பது? நடந்து போகிற தூரத்தில் ஒரே இடம். எனக்கு மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். அது வருடக்கணக்கில் வறண்டுதான் கிடந்தது. தை மாதத் தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள். மற்ற நாட்களில் உள்ளே கிரிக்கெட். வேறு வழியில்லாமல் அதையே எடுத்தேன், அலுத்துக்கொண்டுதான். இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது, படகு விடுகிறார்கள். ஸ்டம்பு நட்ட இடம் தண்ணீருக்கு அடியில். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் எடுத்த படங்கள் எந்த டப்பாவில் இருக்கின்றன என்றுகூட ஞாபகமில்லை. அந்தக் கிரிக்கெட் படங்களை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

கேமரா கையில் இல்லாத நாளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன் 100; லென்ஸ் துளை எஃப்/16; ஷட்டர் 1/125 வினாடி. மேகம் மூடினால் துளை மட்டும் எஃப்/8. திறந்தவெளி நிழலில் எஃப்/4. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வெளிச்சத்தைப் பார்த்து மனதுக்குள் ஒரு எஃப் எண் சொல்லிப் பாருங்கள். கேமரா இருக்கும் நாளில் அதன் ஒளி மீட்டரோடு ஒப்பிடலாம். ஒரு ஸ்டாப்புக்குள், அதாவது வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி என்ற வித்தியாசத்துக்குள் வந்தால் எனக்கு இன்றும் சந்தோஷத்தில் தலைகால் புரியாது.

மாதம் நாலு படமாவது பிரிண்ட் போடுங்கள். ஆளைக் கேட்டுவிட்டு எடுங்கள், ஒரு பிரதியை அவருக்கே கொடுங்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லி விற்கும் அம்மா என்னைக் கண்டாலே, "அண்ணே, போன தடவ எடுத்தது எங்க?" என்பார். அப்படி ஒருவர் கேட்க இருந்தால் வீட்டில் சோம்பிக் கிடக்க முடியாது.

லென்ஸைத் தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் என் 50 மி.மீ. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படர்ந்துவிட்டது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் சரி. ஜெல் நிறம் மாறினால் சூடுபடுத்தி ஈரத்தைப் போக்கலாம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் செய்யுங்கள். தோசைக்கல்லில் வைத்து நான் வாங்கிய திட்டு போதும்.

இப்போது முழங்கால் வலி. கனமான ஜூம் லென்ஸை விற்றுவிட்டேன்; கையில் இருப்பது அந்த 50 மி.மீ. மட்டும், பூஞ்சையைச் சுத்தம் செய்து மீட்டது. வருகிற தையில் தெப்பத்தன்று கூட்டத்தில் இடிபடப் போவதில்லை. முந்தின நாளே போய், படிக்கட்டில் உட்கார்ந்து, தெப்பம் கட்டுபவர்களை எடுக்கலாம் என்றிருக்கிறேன். பன்னிரண்டுக்குள்.