வெட்ட முதல் ரெண்டு நூலை எரித்துப் பாருங்கள்

வைகாசியில் வட்டாப்பளை அம்மன் கோயிலில் நடக்கும் பொங்கலுக்குப் போட ஒரு சேட் வேண்டும் என்று ஒருவர் 2.25 மீற்றர் துணியோடு வந்தார். கடைக்காரர் சுத்தக் கொட்டன், அதாவது பருத்தி, என்று சொல்லி விற்றாராம். நானும் நம்பி வெட்டித் தைத்துவிட்டேன். அது சுத்தக் கொட்டன் இல்லை. வைகாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்ற மனுசன் திரும்பி வந்து சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து நூலை எரித்துப் பார்க்காமல் நான் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

துணியின் ஓரத்திலிருந்து நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒன்றும் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றும் உருவி எடுங்கள். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும், ஏனென்றால் சில துணிகளில் ஒரு பக்கம் பருத்தியும் மறுபக்கம் பொலியெஸ்டருமாக நெய்திருப்பார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சின்னக் குறட்டால் நூலைப் பிடித்து, கீழே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்துக் கொளுத்துங்கள்.

கொட்டன் உடனே பற்றும், கடதாசி எரிந்த மணம் வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். பொலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கி ஓடும், பிறகு உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும் (சூட்டோடு தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும், கவனம்). கடதாசி மணமும் வந்து சாம்பலில் கட்டியும் இருந்தால் அது கலப்பு. பட்டும் கம்பளியும் தலைமயிர் கருகிய மணம் தரும், கரி நசுக்கினால் பொடியாகும்.

விஸ்கோஸ் என்கிற ரேயானும் லினனும் கொட்டன் மாதிரியேதான் எரியும், அதனால் நெருப்பு மட்டும் போதாது. ரேயான் என்று சந்தேகம் வந்தால் நூலை நனைத்து இழுங்கள். ரேயான் நனைந்தால் பலம் இழந்து சட்டென்று அறும், பருத்தியோ நனைந்தால் இன்னும் பலமாகும்.

சரி, எதை வாங்குவது? பருத்தி தன் எடையில் கிட்டத்தட்ட 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்திருக்கும், பொலியெஸ்டரில் அரைச் சதவீதம்கூட இராது. வேர்வை உடம்பிலேயே நிற்பது அதனால்தான். ஆகவே சேட்டுக்கும் பிளவுசுக்கும் கொட்டன், இல்லாவிட்டால் கொட்டன் கூடின கலப்பு. ஆனால் பொலியெஸ்டரை அடியோடு ஒதுக்கவேண்டாம். கிறவல் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு டீஆர் என்று விற்கும் பொலியெஸ்டர் விஸ்கோஸ் கலப்புக் காற்சட்டைதான் சரி, மடிப்பு நிற்கும், கழுவினால் சீக்கிரம் காயும். கலியாணக் கோட்டுக்கு எல்லாரும் வெளித்துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள், உடம்போடு கிடக்கப்போவது உள்ளே வைக்கும் லைனிங். அதை விஸ்கோசில் கேளுங்கள்.

கொட்டனையும் ரேயானையும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, அயன் பண்ணிய பிறகுதான் வெட்டவேண்டும். மீற்றருக்கு மூன்று நாலு சென்ரிமீற்றர் சுருங்குவது சாதாரணம், தைத்த பிறகு சுருங்கினால் பழி தையல்காரனுக்கு.

அயன் பெட்டியின் சூட்டுக் குறியில் மூன்று புள்ளி கொட்டனுக்கு, இரண்டு புள்ளி பொலியெஸ்டருக்கு, கலப்பென்றால் இரண்டோடு நில்லுங்கள். டீஆர் காற்சட்டையைக் கூடின சூட்டில் நேரே அழுத்தினால் ஒரு மினுமினுப்பு வரும், அது பிறகு லேசில் போகாது, மேலே பழைய வேட்டித் துண்டு ஒன்றைப் போட்டு அழுத்துங்கள்.