இணையத்தில் பௌத்தம் கற்க: எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது?

வாட்ஸ்அப்பில் புத்தர் படத்தோடு ஒரு வாசகம் அடிக்கடி வரும். கோபத்தை விடாமல் வைத்திருப்பது, அடுத்தவர் மேல் எறிவதற்காகத் தணலைக் கையில் பிடித்திருப்பது போன்றது, முதலில் சுடுவது நம் கைதான் என்று. நல்ல வாசகம். ஆனால் புத்தரின் உரைகளாகத் தொகுக்கப்பட்ட நிகாயங்களில் இந்த வாசகம் இல்லை. இதற்கு நெருக்கமான உவமை விசுத்திமக்கத்தில் இருக்கிறது. அது ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய நூல். புத்தர் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தது.

புதிதாகப் படிக்க வருகிறவருக்குப் பெரிய சிக்கல் இதுதான். இணையத்தில் பௌத்தம் கொட்டிக் கிடக்கிறது, எது எங்கிருந்து வந்தது என்றுதான் தெரிவதில்லை. அதனால் முதலில் மூல உரைகளைக் கொஞ்சம் பழகிக்கொண்டு, அப்புறம் பேச்சாளர்களைத் தேடுங்கள். பெரும்பாலானோர் யூடியூபில் தொடங்கி மூல நூல் பக்கம் வராமலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு யார் பேசினாலும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. செய்தித்தாள் வாசிக்கும் அளவு ஆங்கிலம் போதும். தமிழில் கிடைப்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 1: சுத்தா சென்ட்ரலைத் திறந்து பாருங்கள்

2005-ல் தொடங்கப்பட்ட இலவச இணையதளம் இது. பாலி, சீனம், சமஸ்கிருதம், திபெத்தியம் ஆகிய மொழிகளில் எஞ்சியிருக்கும் பழைய பௌத்த உரைகளை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு பாலி உரைக்குச் சீனத்தில் இணையான உரை இருந்தால் அதையும் காட்டும். நான்கு பெரிய நிகாயங்களையும் பிக்கு (பௌத்தத் துறவி) சுஜாதோ எளிய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, காப்புரிமை எதுவும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டிருக்கிறார்.

உள்ளே போனதும் திகைக்க வைப்பது எண்கள்தான். அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டிஎன் என்றால் தீக நிகாயம், நீண்ட உரைகள், மொத்தம் 34. எம்என் என்றால் மஜ்ஜிம நிகாயம், நடுத்தர நீளம், மொத்தம் 152. எஸ்என் என்பது பொருள்வாரியாகத் தொகுத்த சம்யுத்த நிகாயம். ஏஎன் என்பது எண்வாரியாக அடுக்கிய அங்குத்தர நிகாயம். ஏஎன் 3.65 என்றால் அங்குத்தரத்தில் மூன்றுகளின் தொகுதியில் 65-வது உரை. இனி எந்தப் பேச்சாளர் எந்த எண்ணைச் சொன்னாலும் நீங்களே திறந்து பார்க்கலாம்.

படி 2: ஒரே ஒரு உரையைச் சரிபார்த்துப் பழகுங்கள்

ஏஎன் 3.65-ஐயே எடுத்துக்கொள்வோம். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ஏ, என் எழுத்துகளையும் எண்ணையும் இடைவெளி விடாமல் அடியுங்கள். வருவது காலாமர் என்ற குலத்து மக்களுக்குப் புத்தர் சொன்ன உரை. "யார் சொன்னாலும் நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்" என்று புத்தர் சொன்னதாகப் பரவும் வாசகத்துக்கு இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள்.

உரையை மெதுவாக வாசியுங்கள். பல துறவிகள் வந்து போகிறார்கள், ஒவ்வொருவரும் தன் கொள்கையை உயர்த்தி மற்றவர் கொள்கையைப் பழிக்கிறார்கள், யாரை நம்புவது என்று காலாமர்கள் கேட்கிறார்கள். புத்தர் பத்து விஷயங்களை வரிசையாகச் சொல்லி, இவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறார். செவிவழிச் செய்தி, பரம்பரை வழக்கம், நூலில் இருப்பது, இவர் எங்கள் குரு என்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் தர்க்கமும் அதே பட்டியலில் இருக்கிறது! தனக்குப் பிடித்த கருத்தோடு பொருந்துகிறது என்பதும் இருக்கிறது. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? பேராசையும் வெறுப்பும் மயக்கமும் ஒருவருக்குள் எழுந்தால் அவருக்கு நன்மையா தீமையா என்று கேட்கிறார். தீமை என்கிறார்கள். எது தீங்கில் முடிகிறது, எதை அறிவுடையோர் பழிக்கிறார்கள் என்று நீங்களே அறிந்தால் அதை விடுங்கள் என்கிறார்.

பரவும் வாசகத்துக்கும் மூல உரைக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். தோன்றியதை நம்பிக்கொள்ள அனுமதிச் சீட்டுபோல் பயன்படும் வாசகம், மூலத்தில் நம்மையே சோதிக்கச் சொல்கிறது. பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியும் என்பது எனக்கு இன்றும் பெரிய மகிழ்ச்சி.

படி 3: இப்போது குரல்களைத் தேடுங்கள்

பிக்கு போதியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். 1944-ல் நியூயார்க்கில் பிறந்து, இலங்கையில் முழுத் துறவறம் ஏற்றவர். சம்யுத்த, அங்குத்தர நிகாயங்களின் முழு மொழிபெயர்ப்பு அவருடையது. மஜ்ஜிம நிகாயத்தை எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தி அவர் நடத்திய வகுப்புகள் ஒலிப்பதிவாக இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்பறைபோல நிதானமாகப் போகும், அவசரக்காரருக்குப் பிடிக்காது.

தினமும் சிறிது நேரம்தான் இருக்கிறது என்றால் தானிஸ்ஸரோ பிக்கு. கலிபோர்னியாவில் ஒரு வன மடத்தின் தலைவர். அவருடைய தம்மாடாக்ஸ் தளத்தில் சுருக்கமான மாலை உரைகளும் மின்னூல்களும் இலவசம். கண்டிப்பான குரல், ஆனால் தியானத்தில் எங்கே தடுக்கும் என்று அறிந்தவர். கொஞ்சம் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அஜான் பிரம்மின் வெள்ளிக்கிழமை உரைகள் யூடியூபில் ஏராளம். தியானத்தை அடியிலிருந்து கற்க, ஆடியோதர்மா தளத்தில் கில் ஃபிரான்ஸ்டலின் தொடக்கப் பாடத் தொடர் நல்லது.

வாசிக்க, கண்டியில் 1958-ல் தொடங்கிய பௌத்த வெளியீட்டுக் கழகத்தின் சிறு நூல்கள். இணையத்தில் நிறையவே இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

படி 4: பேசுகிறவரைச் சோதியுங்கள்

இதற்கான அளவுகோலும் நூல்களிலேயே இருக்கிறது. டிஎன் 16-ல், போகநகரம் என்ற ஊரில், "இதைப் புத்தரிடமே நேரில் கேட்டேன்" என்று ஒருவர் சொன்னாலும் உடனே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், சூத்திரத்தோடும் (உரைகள்) வினயத்தோடும் (துறவிகளின் ஒழுக்க விதிகள்) ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார் புத்தர். எம்என் 47-ல் புத்தராகிய தன்னையே சீடர்கள் கண்ணாலும் காதாலும் ஆராய்ந்து பார்க்கச் சொல்கிறார்.

நடைமுறையில் நான் பார்ப்பது இவை. எந்த உரை என்று எண்ணோடு சொல்கிறாரா? "இது நூலில் உள்ளது, இது என் கருத்து" என்று பிரித்துக் காட்டுகிறாரா? எந்த மரபு, யாரிடம் கற்றார் என்று வெளிப்படையாக இருக்கிறதா? போதனைக்கு விலை வைக்கிறாரா? பௌத்த மரபில் போதனை இலவசம், விரும்பினால் தானம் தரலாம். இரகசிய உயர்நிலை வகுப்புக்கு இவ்வளவு ஆயிரம் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பேச்சாளரின் பெயரையும் "குற்றச்சாட்டு" என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடிப் பார்ப்பதில் தவறே இல்லை. ஜென் மரபிலும் திபெத்திய மரபிலும் பெயர்பெற்ற சில ஆசிரியர்கள் மீது மாணவர்களே புகார் எழுப்பி, விசாரணை வரை போயிருக்கிறது.

பிடித்த ஒருவரைக் கண்டால் சில மாதங்கள் அவரோடு மட்டும் இருங்கள். தினம் ஒரு குரல் என்று தாவினால், ஒருவர் மூச்சைக் கவனிக்கச் சொல்வார், இன்னொருவர் விட்டுவிடச் சொல்வார், குழப்பம்தான் மிஞ்சும்.

படி 5: தமிழில் என்ன இருக்கிறது?

மணிமேகலை இருக்கிறது. பௌத்தக் காப்பியம் முழுதாகக் கிடைத்திருப்பது தமிழின் பேறு. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இலவசமாக வாசிக்கலாம். தமிழகத்துப் பௌத்த வரலாற்றுக்கு மயிலை சீனி. வேங்கடசாமியின் "பௌத்தமும் தமிழும்" நல்ல நுழைவாயில். திபெத்திய மரபுக் கட்டுரைகளுக்கு ஸ்டடி புத்திசம் தளத்தில் தமிழ்ப் பிரிவு உண்டு.

1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் பௌத்தம் ஏற்ற அம்பேத்கரின் "புத்தரும் அவர் தம்மமும்" பெரியார்தாசன் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஒன்றை மனத்தில் வைத்து வாசியுங்கள்: நான்கு உண்மைகள் (துன்பம், அதன் காரணம், அதன் முடிவு, முடிவுக்கான வழி) புத்தரின் மூல போதனையில் இருந்தவையா என்று முன்னுரையிலேயே அம்பேத்கர் கேள்வி எழுப்புகிறார். மேலே சொன்ன பிக்குகள் அந்த நான்கையே அடித்தளமாக வைத்துப் பேசுகிறவர்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதை நான் மிகவும் விரும்புகிறேன்.

நேரில் பயிற்சி வேண்டுமென்றால், சென்னைக்கு அருகே தம்ம சேது மையத்தில் தியான ஆசிரியர் கோயங்காவின் மரபில் பத்து நாள் விபாசனா தியான முகாம்கள் நடக்கின்றன. பதிவு இணையத்தில். கட்டணம் இல்லை, முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். பத்தாம் நாள் காலை வரை மற்றவர்களோடு பேசாமல் இருக்க வேண்டும், கைப்பேசியும் கிடையாது. மன நலத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள், உங்கள் மருத்துவரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள்.