வேலி போடும் முன் ஐப்பசியை நினையுங்கள்

போன வாரம் காரைக்குடிக்குப் பக்கத்தில், புதுவயல் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் தொழிலுக்குப் புதிதாக வந்த இரண்டு பையன்கள் வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். நூல் பிடித்ததில் குறை சொல்ல முடியாது. சிமெண்ட் கால்கள் நேர்வரிசையில் நின்றன. ஆனால் கால்களுக்கு நடுவே ஹாலோ பிளாக்கை இரண்டு வரிசை அடுக்கி, சந்து பொந்து இல்லாமல் கலவை பூசிக்கொண்டிருந்தார்கள். "தம்பி, தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒருவன் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணிண்ணே?" என்றான்.

12 வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் இருந்தேன். காலைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்து, துருப்பிடித்த கம்பி வாங்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். வேலி போடப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அடியை அடைத்துவிடுவது

கோட்டையூர்ப் பக்கம் ஒரு பெரிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று இருக்குமே, அந்த மாதிரி. பக்கத்திலேயே காலி மனை. வீட்டுக்காரர் சென்னையில் இருந்தார். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் ஓடி விளையாட வேண்டும். நாய் வரக்கூடாது, ஆடு வரக்கூடாது, முக்கியமாகப் பாம்பு வரக்கூடாது. சரி என்று தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு பிளாக் கட்டி, அதற்கு மேல் வலை அடித்தேன்.

எதிர்வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து நாலு நாளும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி நாள் கூப்பிட்டு, "தெருத் தண்ணி பூராவும் இதுக்குள்ள நுழைஞ்சுதான் ஊருணிக்குப் போகும் தம்பி. ஐப்பசியில வந்து பாரு" என்றார். "பாத்துக்கலாம் ஆச்சி" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐப்பசியில் போன் வந்தது. இரண்டு ராத்திரி விடாமல் மழை. போய்ப் பார்த்தால் தெருப்பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், ஆச்சி வீட்டுப் படி வரைக்கும் ஏறியிருந்தது. 40 அடி வேலி பிளாக்கோடு உள்பக்கம் சாய்ந்து கிடந்தது. வலை இழுத்த இழுப்பில் மூலைக்காலும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. முழுக்க என் கைக்காசில் திருப்பிக் கட்டினேன். ஆச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பி கொடுத்தார். எனக்கு இன்னும் உறுத்துவது அந்தக் காப்பிதான்.

வெறும் வலையென்றால் தண்ணீர் அதுபாட்டுக்குப் புகுந்து போய்விடும். அடியை அடைத்தால் நாம் கட்டுவது அணை. ஒன்றரை அடித் தண்ணீர் தேங்கினால், 10 அடி நீளத்துக்கு 300 கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளும். அதே தண்ணீர் காலைச் சுற்றியுள்ள மண்ணையும் ஊறவைக்கும். நாலு இஞ்சுக் கால் இரண்டையும் சேர்த்து எப்படித் தாங்கும்?

இங்குள்ள ஊர்களில் முற்றத்துத் தண்ணீர் தெருவுக்கும், தெருத் தண்ணீர் ஊருணிக்கும் போகிற மாதிரி வாட்டம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துபோன இடங்களில் தண்ணீர் காலி மனைக்குள் புகுந்துதான் போகும். உங்கள் பெயரில் பட்டா இருந்தாலும் அதற்கு வழி அதுதான். அடைத்தால் உங்கள் வேலியும் போகும், ஊருணிக்குத் தண்ணீரும் குறையும்.

அதனால் ஒரு மழை நாளில் குடையோடு போய்ப் பத்து நிமிஷம் நில்லுங்கள். முடியாவிட்டால் தரையைப் பாருங்கள். சருகும் வேப்பங்கொட்டையும் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். சரளைக்கு மேல் மாவு மாதிரி நைசாக மணல் படிந்திருக்கும். தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பிடித்துத் தாழ்ந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே பிளாக் வைக்காமல் மூன்றடி அகலத்துக்குத் திறப்பு விடுங்கள். கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு இரும்புக் கிராதி போதும். நாலு இஞ்ச் பைப் பதித்தால் ஆகாதா என்று கேட்பார்கள். முதல் மழையிலேயே புளியஞ்சருகு அடைத்துக்கொள்ளும், ஆகாது. பாம்பா? அது கேட்டுக்கு அடியிலேயே வரும்.

குழி ஆழம்

செம்பராங்கல் பூமியில் கோடையில் கடப்பாரை ஒரு அடிக்கு மேல் லேசில் இறங்காது. "பாறை மாதிரி இருக்குண்ணே, இது போதும்" என்பார்கள். 7 அடிக் காலுக்கு 2 அடி உள்ளே போக வேண்டும். முதல் நாள் சாயங்காலம் குழியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் இளகிக் கொடுக்கும்.

மூலைக்கு முட்டு இல்லாமல் வலையை இழுப்பது

நடுவில் நிற்கிற கால்களுக்கு இரண்டு பக்கமும் இழுப்பு சமம். மூலைக்கால்தான் பாவம், இரண்டு பக்க இழுப்பையும் ஒற்றையாய்த் தாங்குகிறது. அதனால் இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொரு முட்டுக்கால் கொடுங்கள். கேட் கால் பக்கமும் அப்படியே. கான்கிரீட் போட்ட மறுநாளே வலையை இழுக்கிற அவசரம் வேண்டாம், ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள்.

கேஜ்

வலைக் கம்பியின் தடிமனைக் கேஜ் நம்பரில் சொல்வார்கள். நம்பர் கூடக் கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் சுமார் 3.2 மில்லிமீட்டர், 12 கேஜ் சுமார் 2.6, 14 கேஜ் வெறும் 2. ரோல் விலையை மட்டும் கேட்டு 14 கேஜ் வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கமிருந்து வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வைத்து முருங்கைக்கு எட்டும். நாலு நாளில் வலை தொட்டில் மாதிரி தொங்கும்.

சர்வே கல்லைப் பார்க்காமல் நடுவது

பங்காளி கையை நீட்டிக் காட்டியது எல்லை ஆகாது. பணம் கட்டி சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

முள்கம்பி

பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் வேண்டாம்.

கேட்

நாலடி கேட் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஒரு கோடையில் கிணறு வற்றும், போர் லாரி வரும். 12 அடி இல்லாமல் அது திரும்பி உள்ளே நுழையாது. வேலியைக் கழற்றச் சொல்வார்கள். கழற்ற நான்தான் வர வேண்டும், அதற்குக் கூலி தனி.