பள்ளத்துக்குக் கறுப்பு பூசாதீர்கள்

நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்துக்காகத் தோண்டிய பெரும்பள்ளத்தை அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் பெல்லோஸ் 1907 முதல் 1909 வரை நான்கு முறை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். கட்டுமானத் தளத்தை வரையப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அவற்றைத்தான். பார்த்து வரையும்போது எல்லோரும் சறுக்கும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். தூரிகை கழுவாதது, கோடு கோணுவது போன்றவற்றை யாரும் திருத்திவிடுவார்கள், அவற்றை விடுகிறேன்.

டியூப் கறுப்பால் பள்ளத்தை நிரப்புவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. 1908-இல் வரைந்த இரவுக் காட்சியைப் பார்த்ததும் 'இருட்டு' என்று முடிவுகட்டி, ஐவரி பிளாக் என்னும் கறுப்பு வண்ணத்தைப் பிதுக்கித் தடிமனாக அப்பிவிடுகிறார்கள். அந்த இருட்டுக்குள் நெருப்பு எரிகிறது, அதன் வெளிச்சத்தில் பாறைச்சரிவு பழுப்பாகத் தெரிகிறது. கறுப்பு பூசினால் அந்த ஆழம் போய்விடும். கேன்வாஸில் மிஞ்சுவது தட்டையான ஓட்டைதான்.

அதைவிடப் பெரிய நஷ்டம் பிறகு வரும். ஐவரி பிளாக்கில் எண்ணெய் அதிகம். மிக மெதுவாகக் காயும். என் வகுப்பில் ஒரு பெண் பல வாரம் உழைத்துப் பனிக்காலப் பள்ளத்தை வரைந்தார். அடியில் தடித்த கறுப்பு, அதன்மேல் டர்பென்டைன் கலந்த வெள்ளையில் பனி. முடிந்தபோது படம் அழகாகவே இருந்தது. வெள்ளை முதலில் இறுகியது; கீழே கறுப்பு காயாமல் அசைந்துகொண்டிருந்தது. சில மாதங்களில் பனி முழுவதும் வெடித்துவிட்டது. நல்ல லினன் துணி, விலையுயர்ந்த வண்ணம், அத்தனை உழைப்பு எல்லாம் வீண். வெடித்ததை ஒட்டுப்போட்டு மீட்க முடியாது.

கீழ்ப்பூச்சு மெலிந்தும் எண்ணெய் குறைந்தும் இருக்க வேண்டும். மேலே போகப் போகத்தான் எண்ணெய் கூடலாம். இருட்டுக்குப் பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்துகொள்ளுங்கள். அம்பர் விரைவில் காயும். அதைக் கூட்டினால் மண், நீலத்தைக் கூட்டினால் நிழல். ஒரே கலவையில் பள்ளத்தின் இரண்டு பக்கமும் கிடைத்துவிடும். கறுப்பு வேண்டுமென்றால் கடைசியில், துளியளவு.

நீராவியைத் தூய வெள்ளையாக்குவது

பனிக்கும் அதே வெள்ளை என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இயந்திரங்கள் விடும் நீராவியைச் சாம்பல் நிறமாக்குங்கள்.

தொழிலாளியை முன்னால் நிறுத்தி முகம் வரைவது

புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள பெல்லோஸ் ஓவியத்தில் ஆட்கள் சின்னஞ்சிறு தீற்றல்கள். பள்ளத்தின் அளவை நமக்குச் சொல்வதே அவர்கள்தான். ஆளைப் பெரிதாக்கினால் பள்ளம் வாய்க்காலாகிவிடும்.

இயந்திரத்தின் ஒவ்வொரு திருகும்

வேண்டாம்.

முடிந்த கட்டடத்தின் புகைப்படத்தைத் தேடுவது

நிலையம் திறந்தது 1910-இல். 1907-இல் பெல்லோஸ் கண்டது தோண்டிய மண்ணையும் அதன் விளிம்பில் நின்ற பழைய வீடுகளையும்தான். நிலையத்தின் தூண் வரிசையைக் கொண்டுவந்து பின்னணியில் நட்டால் அது வேறு படம்.