தளம் திறக்கவில்லையா? கோளாறா, தடையா என்று கண்டுபிடிக்கும் முறை

ஒரு தளம் திறக்காமல் போனால் "அரசு முடக்கிவிட்டது" என்று ஒரு கூட்டம் கிளம்பும், "சர்வர் படுத்துவிட்டது" என்று இன்னொரு கூட்டம் சிரிக்கும். சோதித்துப் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் குறைவு. தடைக்கு உத்தரவு போடுவது அரசோ நீதிமன்றமோ; அதை நிறைவேற்றுவது உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் கருவிகள். அந்தக் கருவி எந்தக் கட்டத்தில் கை வைக்கிறதோ, அந்தக் கட்டத்துக்கே உரிய தடயம் பெரும்பாலும் மிஞ்சும். ஒரு கணினியும் ஒரு மொபைலும் இருந்தால் அதைப் பார்த்துவிடலாம்.

முதலில் உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள். விபிஎன், விளம்பரத் தடுப்பான், வைரஸ் தடுப்பு மென்பொருளின் இணையக் காவல் எல்லாவற்றையும் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். கணினியின் தேதி தவறாக இருந்தால் நல்ல தளத்துக்கும், அதன் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் செல்லாது என்ற எச்சரிக்கை வரும். பிறகு அதே தளத்தை வேறொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பிராட்பேண்டும் சிம்மும் ஒரே நிறுவனத்துடையவை என்றால் இந்தச் சோதனையால் பயனில்லை. பிரௌசர் காட்டும் பிழைச் செய்தியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "பெயர் கிடைக்கவில்லை", "இணைப்பு துண்டிக்கப்பட்டது", "நேரம் கடந்துவிட்டது" மூன்றும் ஒன்றல்ல. மூன்றும் மூன்று இடத்தைக் காட்டுகின்றன.

பெயர் கிடைக்கவில்லை என்றால்

தளப்பெயரை ஐபி முகவரியாக, அதாவது சர்வரின் எண் முகவரியாக, மாற்றித் தருவது டிஎன்எஸ். பெரும்பாலும் இது உங்கள் நிறுவனத்தின் சர்வர்தான், அதனால் மிக மலிவான தடையும் இதுதான். கட்டளைச் சாளரத்தில் என்எஸ்லுக்அப் (nslookup) என்று ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டுத் தளப்பெயரைக் கொடுங்கள். அடுத்து அதே கட்டளையின் கடைசியில் 1.1.1.1 சேர்த்து இன்னொரு முறை. முதலாவது கேள்வி நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கும் இரண்டாவது கிளவுட்ஃப்ளேரின் டிஎன்எஸ்ஸுக்கும் போகும்.

இரண்டு விடையும் வேறாக இருந்தாலே தடை என்று முடிவு கட்டாதீர்கள். பெரிய தளங்கள் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு முகவரி தருவது வழக்கம். சந்தேகிக்க வேண்டியவை வேறு: வெளியே எந்த சர்வரையும் குறிக்காத 127.0.0.1 அல்லது 0.0.0.0 வருவது, 10 என்று தொடங்கும் உள்வலை முகவரி வருவது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தளங்களுக்கும் ஒரே முகவரி வருவது.

இங்கே பலர் ஏமாறும் ஒரு பொறி உண்டு. சாதாரண டிஎன்எஸ் கேள்வி 53ஆம் போர்ட் என்ற இணைப்பு வாசலில் பூட்டில்லாமல், அதாவது குறியாக்கம் இல்லாமல், போகிறது. 1.1.1.1-ஐக் கேட்டாலும் நிறுவனம் வழியில் மறித்துத் தானே விடை சொல்லலாம். இதைப் பிடிக்க, தளப்பெயருக்குப் பின் 192.0.2.1 என்று கொடுத்துக் கேளுங்கள். அது எடுத்துக்காட்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட முகவரி. அங்கே எந்த சர்வரும் கிடையாது. நேரம் கடந்து தோற்பதுதான் முறை. விடை வந்தால் நடுவில் யாரோ பேசுகிறார்கள். அந்த யாரோ உங்கள் வீட்டு ரூட்டராகவும் இருக்கலாம், அதன் அமைப்பையும் பார்த்துவிடுங்கள்.

2014 மார்ச்சில் துருக்கியில் ட்விட்டர் தடுக்கப்பட்டபோது மக்கள் 8.8.8.8 என்ற கூகுள் டிஎன்எஸ் முகவரியைச் சுவர்களில் எழுதினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அங்குள்ள நிறுவனங்கள் அந்த முகவரிக்கான போக்குவரத்தையே மறித்துத் தங்கள் விடையைக் கொடுத்தன. எண்ணை மாற்றினால் போதும் என்பவர்களுக்கு இதுவே பதில்.

மறிக்க முடியாதபடி கேட்க, கேள்வியைப் பூட்டி அனுப்ப வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியில் இதற்கான தேர்வு இருக்கிறது. அதில் அதிகபட்சப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள். இயல்பு நிலையில் விட்டால், பூட்டிய வழி தோற்றவுடன் பிரௌசர் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆண்ட்ராய்டு 9 முதல் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' வசதி உண்டு. அதில் எண் செல்லாது, சர்வரின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். பூட்டிய டிஎன்எஸ்ஸில் தளம் திறந்தால் கோளாறு பெரும்பாலும் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நிறுவனத்துக்குத் தெரிந்துகொண்டிருந்த உங்கள் தளப்பட்டியல் இனி அந்த டிஎன்எஸ் நடத்துபவருக்குத் தெரியும்.

முகவரி சரி, இணைப்பு மட்டும் அறுகிறது என்றால்

எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்கப் பூட்டு பக்கத்தின் உள்ளடக்கத்தை மறைக்கும். ஆனால் இணைப்பின் முதல் செய்தியில் தளப்பெயர் பெரும்பாலும் திறந்தே போகிறது. எஸ்என்ஐ என்பது அதுதான். வடிகட்டி அதைப் படித்ததும் இரு பக்கமும் 'துண்டி' என்று போலிப் பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்பும், அல்லது பாக்கெட்டை விழுங்கிவிடும்.

இதைச் சோதிக்க, தளத்தைக் கட்டளைச் சாளரத்திலிருந்தே அழைக்கும் கர்ல் (curl) கருவி போதும். விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பு முதல் அது உள்ளேயே வருகிறது. விரிவான வெளியீட்டுத் தேர்வோடு (-v) தளத்தை அழையுங்கள். 'இணைந்தது' என்ற வரி வந்து, பூட்டுப் பரிமாற்றம் தொடங்கியதும் அறுந்தால் சந்தேகம் பெயர் மீதுதான். உறுதிசெய்ய, கர்லின் ரிசால்வ் (--resolve) தேர்வைப் பயன்படுத்தி, தடைபட்ட தளத்தின் பெயரை, நன்றாகத் திறக்கும் வேறொரு வெளிநாட்டு சர்வரின் ஐபிக்கு அனுப்புங்கள். அந்த சர்வருக்கு அப்பெயர் தெரியாது. சான்றிதழ் பொருந்தவில்லை என்றோ பரிமாற்றம் தோற்றது என்றோதான் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் அங்கேயும் அதேபோல் அறுந்தால், ஒரு கற்பனைப் பெயரை அதே ஐபிக்கு அனுப்பிப் பாருங்கள். கற்பனைப் பெயருக்கு அறுபடாமல் தடைபட்ட பெயருக்கு மட்டும் அறுந்தால், பெயரைப் பார்த்தே வெட்டுகிறார்கள். ஒரே முறை செய்து முடிவெடுக்காமல் ஐந்து முறையாவது செய்யுங்கள். நெரிசலிலும் இணைப்பு அறுவதுண்டு.

நேரம் கடந்துவிட்டது என்றால்

ஐபி முகவரியையே தடுத்திருக்கலாம், சர்வர் உண்மையிலேயே செத்தும் இருக்கலாம். சர்வர் உயிரோடிருக்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளையை நம்பாதீர்கள், பல சர்வர்கள் பிங்குக்குப் பதிலே தருவதில்லை. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் நடுவே நட்சத்திரக் குறிகள் வருவதும் சாதாரணம். இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் அதே ஐபி திறக்கிறதா என்று ஒப்பிடுவதே உருப்படியான வழி.

இது மிக முரட்டுத் தடை. ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். ஒன்றுக்கு வைத்த பூட்டு எல்லோர் கதவிலும் விழும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கப் போட்ட வழித்தட அறிவிப்பு ('யூடியூபுக்கு வழி இங்கேதான்' என்று மற்ற வலையமைப்புகளுக்குச் சொல்லும் செய்தி) எல்லை தாண்டிக் கசிந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் எட்டாமல் போனது. ஒரு நாட்டின் உத்தரவு அந்த நாட்டுக்குள் நின்றுவிடும் என்பதற்குத் தொழில்நுட்பத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை.

'தடுக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு ஏன் வருவதில்லை என்று பலர் கேட்பார்கள். சட்டக் காரணத்தால் தடை என்று சொல்ல 451 என்ற குறியீடு 2016 முதல் இருக்கிறது. ஆனால் எச்டிடிபிஎஸ் இணைப்புக்குள் நிறுவனம் தன் அறிவிப்பை நுழைக்கப் பார்த்தால் சான்றிதழ் எச்சரிக்கைதான் எழும். அதை மீறி உள்ளே போகாதீர்கள்.

பதிவு செய்வது

ஊனி ப்ரோப் என்ற இலவசச் செயலி மேற்சொன்ன பல சோதனைகளைத் தானே ஓட்டும். ஆனால் முடிவுகள் உங்கள் நாடு, உங்கள் நிறுவனத்தைக் காட்டும் வலையமைப்பு எண் ஆகியவற்றோடு பொதுவில் வெளியாகும்; சில நாடுகளில் அது ஆபத்து, யோசித்து ஓட்டுங்கள். கையால் செய்தால் தேதி, நேர வலயத்தோடு நேரம், நிறுவனத்தின் பெயர், கட்டளையின் முழு வெளியீடு எல்லாவற்றையும் உரைக் கோப்பாகச் சேமியுங்கள். திரையைப் படமாக எடுத்தால் அதில் உள்ள எழுத்தைத் தேட முடியாது. நிறுவனத்துக்கு எழுதும்போது "ஏன் திறக்கவில்லை" என்று கேட்டால் "ரூட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றுதான் பதில் வரும். உத்தரவின் பேரில் தடுத்தீர்களா, எந்தச் சட்டப்பிரிவு, உத்தரவின் தேதி என்ன என்று மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். கோப்பை வெளியிடுவதற்கு முன் உங்கள் சொந்த ஐபியும், ட்ரேஸ்ரூட்டின் முதல் சில வரிகளும் அழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.