தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் அனாஃபிலிஸ் கொசுக்களை மரபணு வழியாக இனம் பிரிப்பது எப்படி?

பிடிபட்டது பெண் அனாஃபிலிஸ்தானா என்பதை முதலில் உருப்பெருக்கியில் உறுதி செய்துகொள்ள வேண்டும்: வாயருகே உள்ள இரு உணர்நீட்சிகளும் உறிஞ்சுகுழல் அளவுக்கு நீண்டிருக்கும். கண்ணின் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஏனெனில், ஆப்பிரிக்காவின் காம்பியே தொகுதியில் (ஒன்றுக்கொன்று நெருங்கிய அனாஃபிலிஸ் இனங்களின் கூட்டம்) மலேரியாவைத் தீவிரமாகப் பரப்பும் இனங்களும், பெரும்பாலும் கால்நடைகளையே கடிக்கும் இனமும் தோற்றத்தில் வேறுபடுவதில்லை.

ஆகவே, சிலிக்கா ஜெல்லில் உலர்த்திய கொசுவின் ஒரு காலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து (உடலைப் பிற சோதனைகளுக்குப் பத்திரப்படுத்தலாம்), ரைபோசோம் மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியை பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்காக்கும்) முறையில் பெருக்கி, ஜெல்லில் ஓட்ட வேண்டும்; துண்டுகள் நீளத்துக்கேற்பப் பட்டைகளாகப் பிரிந்து தெரியும். டி.என்.ஏ. சேர்க்காத ஒரு குழாயையும், இனம் தெரிந்த ஒரு மாதிரியையும் உடன் ஓட்டுவதைத் தவிர்க்கவே கூடாது. வெற்றுக் குழாயிலும் பட்டை தெரிந்தால், அன்றைய முடிவுகள் அனைத்தையும் ஒதுக்கிவிட வேண்டும்.

315 கார இணை (டி.என்.ஏ. நீளத்தை அளக்கும் அலகு) நீளத்தில் பட்டை தெரிந்தால் அது அத்தொகுதியின் அராபியன்சிஸ் இனம். 390 என்றால் காம்பியே இனம். ஆனால் 2013-இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட கொலுசியும் அதே 390-இல்தான் நிற்கும் என்பதால், அவ்விரண்டையும் பிரிக்க இன்னொரு சோதனை தேவைப்படும்.

இதற்குப் பின்னரே பூச்சிக்கொல்லி எதிர்ப்பைப் பார்ப்பது நல்லது. நரம்புச் செல்லுக்குள் சோடியத்தை விடும் புரதமான சோடியம் வாயிலில் 1014-ஆம் இடத்து அமினோ அமிலமான லியூசின், ஃபீனைல்அலனின் ஆகவோ செரின் ஆகவோ மாறியிருந்தால் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளின் வீரியம் குறையும். இம்மாற்றம் கலப்பினச் சேர்க்கையால் காம்பியேயிலிருந்து கொலுசிக்கும் கடந்திருப்பதால், இனம் தெரியாமல் அதன் பரவலைக் கணிப்பது வீண்வேலை. மேலும், நஞ்சைச் சிதைக்கும் நொதிகளும் எதிர்ப்பைத் தருவதால், உயிருள்ள கொசுக்களை பூச்சிக்கொல்லி தோய்ந்த தாளில் ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணும் சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும்.