வயிற்று ஸ்கேனா? பஸ் ஸ்டாண்டு டீ வேண்டாம்

அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ முதல் பஸ் பிடித்து பாளையங்கோட்டைக்கு வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள், இறங்கியதும் ஒரு டீ குடித்துவிடுகிறார்கள். கெடுவது அங்கேதான். பாலில் இருக்கிற கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிவிடும். சின்னக் கல் இருந்தால் கண்ணில் படாமல் போகலாம். 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். வெறும் தண்ணீர் பரவாயில்லை. முந்தின ராத்திரி பயறு, முட்டைக்கோஸ், சோடா வேண்டாம். குடலில் வாயு நின்றால் கணையம் மறைந்துவிடும்.

கர்ப்பப்பை, ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி பார்க்க 1 மணி நேரம் முன்பே 4, 5 டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கி வையுங்கள். பேர் கூப்பிடுவதற்குள் பாத்ரூம் போய்விட்டால், மறுபடி முதலிலிருந்துதான்!

சர்க்கரைக்காரர்கள் காலை மாத்திரை, இன்சுலின் பற்றி முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டை மறக்க வேண்டாம்.